நகலெடுக்க மறக்கும் சிறு கோப்பு

2023ஆம் ஆண்டு அக்டோபர் 14, சனிக்கிழமை. தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் வார இறுதிக் கூட்டம் சேரத் தொடங்கும் பிற்பகல் நேரம். மூன்று மணியளவில் டிபிஎஸ், சிட்டிபேங்க் ஆகிய இரு வங்கிகளின் சேவைகளும் ஒரே சமயத்தில் தடைபட்டன. பணம் எடுக்க வரிசையில் நின்றவர்களுக்குப் பணம் வரவில்லை. கைப்பேசியைத் தட்டிப் பணம் செலுத்த முயன்றவர்களுக்கும் அதே கதி. நிலைமை முழுதும் சீராக மறுநாள் அதிகாலை ஆகிவிட்டது. நிறைவேறாமல் போன பரிவர்த்தனைகள் ஏறத்தாழ 2.5 மில்லியன் என்று அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

இரு வங்கிகளும் பயன்படுத்திய தரவு நிலையத்தில் குளிரூட்டும் கட்டமைப்பு பழுதானதே தொடக்கம். மேம்பாட்டுப் பணியின்போது குளிர்நீர்த் தொட்டிகளின் அடைப்பிதழ்கள் தவறுதலாக மூடப்பட்டன. அறைகளில் வெப்பம் ஏறியது. இப்படி நேரக்கூடும் என்பதற்காகத்தான் இரு வங்கிகளும் வேறு இடத்தில் மாற்று நிலையம் வைத்திருந்தன. உடனே அதற்கு மாறவும் முயன்றன. ஆனால் முழுமையாக மாற முடியவில்லை. டிபிஎஸ் வங்கியில் கட்டமைப்பு இணைப்பின் அமைவு தவறாக இருந்தது. சிட்டிபேங்க்கிலும் இணைப்புச் சிக்கல். கணக்கு விவரங்கள் அழியவில்லை. மாற்றுக் கணினிகளும் இருந்தன. அங்கே போய்ச் சேரும் வழியைச் சொல்லும் அமைவுதான் சரியாக இல்லை.

வங்கிக் கதை எதற்கு, பேச வந்தது ஆய்வுக்கூடக் கணினியைப் பற்றியல்லவா என்று கேட்கலாம். இரண்டிலும் நோய் ஒன்றே. 'பேக்கப்' என்று எல்லாரும் சொல்லும் காப்பு நகல் என்றதும் மனத்தில் வருவது தரவு: ஆய்வு முடிவுகள், கட்டுரைகள், படங்கள், மாணவர் குறிப்புகள். அந்தத் தரவை உருவாக்கிய கணினி எப்படி அமைக்கப்பட்டிருந்தது என்பதைச் சொல்லும் கோப்பு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அதன் அளவோ சில கிலோபைட். ஒரு கைப்பேசிப் படத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது.

அமைவுக் கோப்பு என்பது என்ன?

ஒரு வேதியியல் ஆய்வுக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். மேசையில் ஒளியலை அளக்கும் கருவி. பக்கத்தில் அதனோடு இணைந்த கணினி. கருவி எந்த இணைப்பு வழியாக, எந்த வேகத்தில் பேசும். எத்தனை விநாடிக்கு ஒரு முறை அளக்க வேண்டும். முடிவை எந்தக் கோப்புறையில் போட வேண்டும். யார் யார் இயக்கலாம் - இவை எல்லாம் ஓர் உரைக் கோப்பில் வரிவரியாக எழுதி வைக்கப்பட்டிருக்கும். சமையலில் சரக்குகள் எல்லார் வீட்டிலும் ஒன்றுதான். எந்த அளவில், எந்த வரிசையில் என்பதுதானே ஒரு வீட்டுக் குழம்பை இன்னொரு வீட்டுக் குழம்பிலிருந்து பிரிக்கிறது? அந்தக் கைப்பக்குவத்தை எழுதி வைத்த தாள்தான் அமைவுக் கோப்பு.

அதில் முக்கியமான வரி ஒன்று உண்டு: அளவுத் திருத்தம். கருவியின் உணரியில் எத்தனையாவது புள்ளியில் ஒளி விழுந்தால் அது எந்த அலைநீளம் என்று கணக்கிடச் சில எண்கள் தேவை. இந்த எண்கள் ஒவ்வொரு கருவிக்கும் வேறு. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு கருவிகளுக்குக்கூட ஒன்றாக இருக்காது. சில கருவிகள் இவற்றைத் தம்முள்ளேயே வைத்திருக்கும். பல கருவிகளில் இவை கணினியில் இருக்கும் கோப்பில்தான் உள்ளன.

இனிக் கணினியின் வன்தட்டு பழுதாகிறது. தொழில்நுட்பர் வருகிறார், புதிய வன்தட்டைப் பொருத்துகிறார், மென்பொருளை மீண்டும் நிறுவுகிறார். திரை ஒளிர்கிறது, கருவியும் ஓடுகிறது. எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் மென்பொருள் இப்போது எடுத்துக்கொண்டிருப்பது பொதுவான தொடக்க எண்களை. கருவி நின்றுபோயிருந்தால் தவறு அன்றே தெரிந்திருக்கும். நிற்கவில்லை, எண்களைத் தந்துகொண்டே இருக்கிறது. எண்கள் கொஞ்சம் தள்ளியிருக்கின்றன, அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து ஒருவர் பழைய முடிவையும் புதிய முடிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் வேறுபாடு கண்ணில் படும். அதற்குள் எத்தனை மாதிரிகள் அளக்கப்பட்டிருக்கும்! அது தண்ணீரின் தரத்தையோ நோயாளியின் இரத்தத்தையோ சோதிக்கும் கூடமாக இருந்தால்?

இதனால்தான் சோதனைக் கூடங்களுக்கான அனைத்துலகத் தரநிலையான ஐஎஸ்ஓ 17025, அதன் 2017ஆம் ஆண்டுப் பதிப்பில், மென்பொருள் அமைவை மாற்றுவதையும் ஒரு மாற்றமாகவே கருதுகிறது. அப்படிப்பட்ட மாற்றம் நடைமுறைக்கு வருமுன் உரியவர் அனுமதி வேண்டும், எழுத்தில் பதிய வேண்டும், சரிபார்க்க வேண்டும் என்கிறது. சிங்கப்பூரில் அங்கீகாரம் பெற்ற சோதனைக் கூடங்கள் இந்தத் தரநிலைக்கு உட்பட்டவை. பல்கலைக்கழக ஆய்வுக் குழுக்கள் பலவற்றுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே எல்லாம் ஒரு முனைவர் பட்ட மாணவரின் நினைவில் இருக்கும். அவர் பட்டம் வாங்கிக்கொண்டு போனால் அமைவும் அவரோடு போய்விடும்.

13,000 மாணவர்களின் கருவிகள்

பள்ளிகளில் கணினி ஆய்வுக்கூடம் என்ற தனி அறையின் இடத்தை இன்று பெருமளவு மாணவர் கையிலுள்ள கருவியே பிடித்துக்கொண்டது. 2021ஆம் ஆண்டு இறுதிக்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் கற்றல் சாதனம் என்ற திட்டத்தைக் கல்வி அமைச்சு செயல்படுத்தியது. இத்தனை கருவிகளையும் ஒவ்வொன்றாக அமைக்க முடியாது. ஆகவே நிர்வாகச் செயலி ஒன்று எல்லாவற்றிலும் நிறுவப்பட்டது. எந்தத் தளத்தைப் பார்க்கலாம், எந்த நேரத்தில் பூட்ட வேண்டும் என்பதை ஒரே இடத்திலிருந்து அமைக்கலாம். மொபைல் கார்டியன் என்ற நிறுவனத்தின் செயலி அது.

2024 ஜூலை 30ஆம் தேதி சில மாணவர்களால் தங்கள் கருவியில் இணையத்துக்குள் போக முடியவில்லை. நிறுவனத் தரப்பில் அமைவைச் செய்ததில் நேர்ந்த மனிதத் தவறு காரணம் என்று கூறப்பட்டது. ஐந்து நாள் கழித்து, ஆகஸ்டு 4ஆம் தேதி, அதைவிடப் பெரிய அடி. அந்நிறுவனத்தின் கட்டமைப்புக்குள் வெளியார் ஊடுருவியதில், சிங்கப்பூரில் 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் கருவிகள் தொலைவிலிருந்தே துடைத்து அழிக்கப்பட்டன. இரண்டு சம்பவங்களுக்கும் தொடர்பில்லை என்று அமைச்சு தெரிவித்தது. செயலியை எல்லாக் கருவிகளிலிருந்தும் நீக்கவும் முடிவெடுத்தது.

அது தேர்வுக் காலம். சாதாரண நிலைத் தேர்வு எழுதவிருந்தவர்கள் மாதக் கணக்கில் கைப்பட எழுதிய குறிப்புகள் அந்தக் கருவிகளில் இருந்தன. குறிப்புகளை மேகச் சேமிப்பில் வைத்திருந்தவர்கள் கருவியை மீண்டும் அமைத்ததும் பெற்றுக்கொண்டார்கள். கருவியில் மட்டுமே வைத்திருந்தவர்கள் இழந்தார்கள். இருவர் கையிலும் இருந்தது ஒரே கருவிதான். 'தானாக மேகத்தில் சேமி' என்ற ஒரு சிறு பொத்தானின் நிலை மட்டுமே வேறு. அதுவும் ஓர் அமைவுதான்!

ஒன்றுக்கொன்று நகலா?

"எங்களிடம் ஒரே மாதிரி பத்துக் கணினிகள் இருக்கின்றன, ஒன்று போனால் மற்றொன்றிலிருந்து எடுத்துக்கொள்வோம்" என்று ஆய்வுக்கூடப் பொறுப்பாளர்கள் சொல்வதுண்டு. கேட்க நியாயமாகவே தோன்றும். டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனமும் அப்படித்தான் நினைத்தது.

2017 ஜூன் 27ஆம் தேதி 'நாட்பெட்யா' என்ற நச்சுநிரல் அந்நிறுவனத்தைத் தாக்கியது. யார் எந்தக் கணினியில் நுழையலாம், எது எதோடு பேசலாம் என்ற முழு வரைபடத்தையும் வைத்திருக்கும் கட்டுப்பாட்டுக் கணினிகள் அதற்கு 150 அளவில், உலகின் பல பாகங்களில் இருந்தன. அவை ஒன்றையொன்று பார்த்து இடைவிடாமல் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொன்றும் மற்றதற்கு நகல் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. மற்றத் தரவுகளின் நகல்கள் கிடைத்தன. இந்த வரைபடத்தின் நகல் மட்டும் எங்கும் இல்லை. கடைசியில் ஆப்பிரிக்காவின் கானாவில் ஒரே ஒரு கணினி பிழைத்திருப்பது தெரிந்தது. தாக்குதலுக்குச் சற்று முன்னர் அங்கே மின்சாரம் தடைபட்டதால் அது கட்டமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. கானா ஊழியர்களிடம் பிரிட்டிஷ் விசா இல்லாததால், ஒருவர் நைஜீரியா வரை பறந்து வந்து வன்தட்டை இன்னொருவரிடம் கொடுக்க, அவர் அதை லண்டனுக்குக் கொண்டுபோனார். மின்வெட்டு வாழ்க என்று சொல்ல வேண்டிய அபூர்வமான சந்தர்ப்பம் அது.

கட்டமைப்போடு எப்போதும் இணைந்திருக்கும் நகல், மூலத்தோடு சேர்ந்து அழியக்கூடிய நகல். கணினியின் பின்புறம் செருகியபடியே கிடக்கும் விரலியும் அந்த வகையைச் சேர்ந்ததே.

தமிழுக்கு நேர்ந்தது

அமைவு தொலைந்தால் தரவும் பயன்படாது என்பதற்கு வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை. தமிழ்க் கணிமை சிங்கப்பூரில் வேரூன்றியது 1990களில். தேசியக் கல்விக் கழக விரிவுரையாளர் நா. கோவிந்தசாமி அதன் முன்னோடி. 'கணியன்' எழுத்துருக்களை உருவாக்கியவர். 1997ஆம் ஆண்டு மே மாதம் இங்கே நடந்த முதல் தமிழ் இணைய மாநாட்டுக்கு முன்னின்று உழைத்தவர். ஒருங்குறி பரவாத காலம் அது. ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. ஒன்றில் 'க'வைக் குறித்த எண், மற்றொன்றில் வேறோர் எழுத்தைக் குறிக்கும். 1999இல் தமிழக அரசு 'தாம்', 'தாப்' முறைகளை அறிவித்தது. இணையத்தில் 'திஸ்கி' முறை புழங்கியது.

அந்நாளில் தமிழ்க் கணினி அறை என்றால் ஒவ்வொரு கணினியிலும் எழுத்துருவையும் விசைப்பலகை நிரலையும் தனித்தனியே நிறுவ வேண்டும். அப்போது தட்டெழுதிய கதைகளையும் கட்டுரைகளையும் நெகிழ்வட்டிலிருந்து குறுந்தட்டுக்கும், குறுந்தட்டிலிருந்து வன்தட்டுக்கும் பத்திரமாக நகலெடுத்து வந்தவர்கள் உண்டு. கோப்பு ஒரு பைட்கூடக் குறையவில்லை. ஆனால் இன்று திறந்தால் திரையில் வருவது புரியாத குறிகளின் குவியல். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் மாற்றிகளைக் கொண்டு ஒருங்குறிக்குக் கொண்டுவந்துவிடலாம். தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக முயன்று பார்க்க வேண்டியதுதான். கோப்பின் பக்கத்தில் 'இது இன்ன எழுத்துரு' என்று ஒரே ஒரு வரி எழுதி வைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை.

என்ன செய்யலாம்?

முதல் சிக்கல், அமைவுக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. லினக்ஸ் கணினியில் அது எளிது. பெரும்பாலானவை 'இடிசி' என்ற ஒரே கோப்புறையில் இருக்கும். அதை அப்படியே நகலெடுத்தால் பாதி வேலை முடிந்தது. விண்டோஸில் அவை சிதறிக் கிடக்கும். சில 'ரெஜிஸ்ட்ரி' என்ற பதிவேட்டில், சில 'புரோகிராம் டேட்டா' என்ற மறைவான கோப்புறையில், சில பயனாளரின் தனிக் கோப்புறையில். 'டாக்குமெண்ட்ஸ்' கோப்புறையை மட்டும் நகலெடுத்து வைப்பவர்களுக்கு இவற்றில் ஒன்றும் அகப்படாது. கருவி மென்பொருள் பலவற்றில் அமைவை வெளியே எடுத்துச் சேமிக்கும் வசதி உண்டு. கையேட்டைப் புரட்டினால் கிடைக்கும். அந்த வசதி இல்லாத பழைய கணினி என்றால் வன்தட்டு முழுவதையும் ஒரே பிம்பமாக நகலெடுப்பதே வழி. உரிமக் கோப்பையும் நிறுவல் குறுந்தட்டையும் சேர்த்து வைக்க வேண்டும். அமைவு இருந்தும் மென்பொருளே இல்லையென்றால் பயன் என்ன?

நகல் எத்தனை வேண்டும்? புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் 2000களில் பரப்பிய 3-2-1 கணக்கு இன்றும் செல்லும். மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். அமைவுக் கோப்பு மிகச் சிறியது என்பதால் நான்காவதாக ஒன்றும் செய்யலாம்: தாளில் அச்சடித்துக் கருவியின் கோப்பில் செருகி வைக்கலாம். கேலியாகத் தோன்றினாலும், கணினி இயங்காத நாளில் கண்ணால் படிக்கக்கூடிய நகல் அது ஒன்றுதான்.

ஒரே நகலின் மேல் மறுபடி மறுபடி எழுதக்கூடாது. தேதியிட்டுத் தனித்தனியே வைக்க வேண்டும். 2024 ஜூலை 19ஆம் தேதி கிரௌட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான அமைவுக் கோப்பு ஒன்று உலகெங்கும் 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்ய நேர்ந்தது. தீர்வு, ஒவ்வொரு கணினியிலும் அந்த ஒரு கோப்பை அழிப்பதுதான். நேற்றைய கோப்பு கையில் இருந்தால் இன்றைய தவறிலிருந்து பின்வாங்கலாம். நிரலாளர்கள் பயன்படுத்தும் 'கிட்' போன்ற கருவி, எந்த நாளில் எந்த வரி மாறியது, யார் மாற்றினார் என்பதைத் தானே பதிந்து வைக்கும். ஒரு வருடத்துக்கு முந்தைய ஆய்வு முடிவைப் பற்றி யாராவது கேள்வி எழுப்பும்போது இதன் அருமை தெரியும். தரவுக் கோப்போடு அன்றைய அமைவுக் கோப்பையும் சேர்த்தே சேமிப்பது இன்னும் எளிய வழி.

எச்சரிக்கை ஒன்று. அமைவுக் கோப்புகளில் கடவுச்சொற்கள் வெளிப்படையாக எழுதப்பட்டிருப்பது சகஜம். நகலை எல்லாரும் பார்க்கும் பொதுத் தளத்தில் ஏற்றினால் வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிட்டது போலாகும். மறைகுறியாக்கிப் பூட்ட வேண்டும். பூட்டிய சாவியை அதே கணினியில் வைக்கக்கூடாது.

பள்ளிகள், துணைப்பாட நிலையங்கள் ஆகியவற்றின் பொதுக் கணினிகளில் இன்னொரு நுட்பம் உண்டு. அணைத்துப் போட்டதும் பழைய நிலைக்கே திரும்பும்படி 'டீப் ஃபிரீஸ்' போன்ற மென்பொருளை நிறுவியிருப்பார்கள். மாணவர்கள் என்ன குழப்பினாலும் மறுநாள் காலை கணினி புதுமணப்பெண் போல நிற்கும். இதை நகல் என்று எண்ணிவிடக் கூடாது. உறைநிலையை நீக்காமல் செய்த நல்ல மாற்றமும் சேர்ந்தே மறைந்துவிடும். வன்தட்டே பழுதானால் திரும்பிப் போகப் பழைய நிலையும் இருக்காது.

நகலெடுக்கும் நிரலையும் கண்மூடி நம்ப முடியாது. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழக மீத்திறன் கணினியில் இது நடந்தது. பத்து நாளுக்கு மேற்பட்ட பழைய பதிவுக் கோப்புகளை நீக்க வேண்டிய நிரலை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பால் மாற்றினார்கள். பாதி பழையதும் பாதி புதியதுமாக ஓடிய நிரலுக்கு எந்தக் கோப்புறை என்று தெரியவில்லை. ஆய்வாளர்களின் கோப்புகளையே அழிக்கத் தொடங்கியது. 14 ஆய்வுக் குழுக்களின் சுமார் 34 மில்லியன் கோப்புகள், 77 டெராபைட், அழிந்தன. நான்கு குழுக்களின் கோப்புகளை மீட்கவே முடியவில்லை. அழித்தது நச்சுநிரல் அல்ல, காப்பு நகல் எடுக்க வைத்த நிரல். பிழைக்குப் பொறுப்பேற்பதாக அதைப் பராமரித்த நிறுவனம் எழுத்தில் தெரிவித்தது.

ஆகவே மீட்டுப் பார்க்க வேண்டும். பள்ளி விடுமுறையில், அல்லது கருவிக்கு வேலை குறைந்த ஒரு நாளில், பழைய கணினி ஒன்றை எடுத்து, நகலை மட்டும் கொண்டு அதை ஆய்வுக்கூடக் கணினியாக மாற்ற முடிகிறதா என்று பார்க்கலாம். சிம் லிம் சதுக்கத்தில் வாங்கிய பழைய கணினியே போதும். விடை தெரிந்த மாதிரி ஒன்றை அளந்து அதே எண் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். முதல் முயற்சியில் ஏதேனும் ஒன்று குறையும். பெரும்பாலும் ஒரு கடவுச்சொல், அல்லது ஓர் இணைப்பு நிரல். குறைந்ததை எழுதி நகலோடு சேர்த்துவிடலாம்.

இதற்கு இப்போது அவசரமும் உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதி நிறுத்தியது. வங்கிச் சேவை தடைபட்ட அதே அக்டோபர் 14! ஆய்வுக்கூடங்களில் பழைய கணினிகள் வரிசையாக மாற்றப்படுகின்றன. அவற்றில் பத்து ஆண்டுகளாக யாரும் தொடாத அமைவுகள் இருக்கும். அவற்றை அமைத்தவர் இன்று எந்த நாட்டில் இருக்கிறாரோ! புதிய கணினி ஒழுங்காக அளக்கிறது என்று உறுதியாகும்வரை பழைய வன்தட்டைத் துடைக்காமல், பெயரும் தேதியும் ஒட்டி, அலமாரியில் வைத்திருப்பது நல்லது.